வெளிநாட்டு ஆய்வு மாநாட்டுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் பெரும்பாலான ஆய்வு மாணவர்கள் பணம் தேடக் கிளம்புகிறார்கள். அதற்குள் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். மாநாடு நடத்துபவர்களே தரும் உதவித்தொகைக்குப் பல இடங்களில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். இணையப் படிவத்தின் அடியில் "பயண உதவி தேவையா?" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் விட்டவருக்கு மறுவாய்ப்பு கிடைப்பது அபூர்வம். அதனால் மாநாட்டுக்குப் பத்து மாதம் முன்னதாக, சுருக்கத்தை எழுத உட்காரும்போதே, பணத்துக்கும் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வையுங்கள்: முழுச் செலவையும் ஒரே இடம் தருவது அரிது. மூன்று நான்கு இடங்களில் வாங்கித்தான் ஒட்டுப்போட வேண்டும். இந்தியாவில் பிஎச்டி, போஸ்ட்டாக் செய்பவர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம்.

செலவைத் தலைப்பு வாரியாகப் பிரியுங்கள்

ஜெர்மனியில் ஐந்து நாள் மாநாடு, ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போய்வர விமானக் கட்டணம் 75,000. மாணவர் பதிவுக் கட்டணம் 350 யூரோ, அதாவது 35,000. விசாக் கட்டணமும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்து 11,000. பயணக் காப்பீடு 2,000. ஆறு இரவு தங்க, இரவுக்கு 60 யூரோ வீதம் 36,000. சாப்பாட்டுக்கும் ஊருக்குள் போய்வரவும் நாளுக்கு 35 யூரோ வீதம் 21,000. ஆக மொத்தம் 1,80,000 ரூபாய்.

இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். விமானமும் விசாவும் சேர்ந்த 86,000-ஐ அரசு நல்கையில் (கிராண்ட்) கேளுங்கள். பதிவுக் கட்டணம் 35,000-ஐத் தள்ளுபடி செய்யும்படி மாநாட்டுக்காரர்களிடம் கேளுங்கள். மிஞ்சுவது 59,000. அதைப் பல்கலைக்கழகம், உங்கள் ஃபெலோஷிப்பின் கன்டின்ஜென்சி (சில்லறை ஆய்வுச் செலவுக்கான தொகை), கைடின் திட்ட நிதி என்று பிரித்து அடைக்கலாம். ஒரு தலைப்புக்கு ஒரே இடத்தில்தான் பணம் வாங்க வேண்டும். ஒரே விமான டிக்கெட்டை இரண்டு இடத்தில் காட்டுவது ஏமாற்று. கண்டுபிடிக்கப்பட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், அடுத்த விண்ணப்பங்களும் அடிபடும். எந்தத் தலைப்பை எங்கே கேட்டிருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நீங்களே எழுதிவிடுங்கள். தேர்வுக் குழுவுக்கு அது குறையாகத் தெரியாது. திட்டமிட்டுச் செய்கிறவர் என்ற எண்ணத்தைத்தான் தரும்.

முதல் கடிதம் மாநாட்டுக்காரர்களுக்கு

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். சுலபமாகப் பணம் பெயர்வது இங்கேதான். உலக வங்கியின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் கீழ்நடுத்தர வருமான நாடுகள். அந்தப் பிரிவுக்குத் தனியாகக் குறைந்த பதிவுக் கட்டணம் வைக்கும் மாநாடுகள் பல. அது கட்டணப் பட்டியலின் அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும். மாணவர் தன்னார்வலராகச் சில மணி நேரம் வேலை செய்தால் பதிவு இலவசம் என்ற ஏற்பாடு கணினித் துறை மாநாடுகளில் வழக்கம். கைக்குழந்தையோடு வருபவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்புச் செலவு தரும் மாநாடுகளும் உண்டு.

இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் இருக்கும் ஐசிடிபி என்ற சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கியது. இயற்பியல், கணிதத் துறைகளில் அங்கே நடக்கும் பயிலரங்குகளுக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. வளரும் நாடுகளிலிருந்து வருபவர்களில் சிலருக்குப் பயணச் செலவும் தங்கும் இடமும் தருகிறார்கள். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. பெரிய விருது பெற்ற அறிஞர்களை இளம் ஆய்வாளர்கள் சந்திக்கும் கூட்டங்களும் உண்டு: கணிதமும் கணினி அறிவியலும் படிப்பவர்கள் ஹைடல்பெர்க் லாரியேட் ஃபோரத்தையும், மற்ற இயற்கை அறிவியல் துறையினர் லிண்டாவ் நோபல் சந்திப்பையும் பார்க்கலாம். லிண்டாவுக்கு வயது வரம்பு 35. இரண்டுக்குமே விண்ணப்பம் பல மாதம் முன்னால் முடிந்துவிடும்.

உள்நாட்டில் யாரிடம் கேட்பது

முதலில் பார்க்க வேண்டியது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, அதாவது ஏஎன்ஆர்எஃப். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியமான பழைய செர்ப் இதில் கரைந்தது. அதனால் பழைய வலைப்பக்கங்களில் செர்ப் ஐடிஎஸ் (வெளிநாட்டுப் பயண உதவித் திட்டம்) என்று படித்ததை இப்போது இங்கே தேட வேண்டும். கட்டுரை வாசிக்க, அமர்வுக்குத் தலைமை தாங்க, சிறப்புரை ஆற்றப் போகிறவர்களுக்கான பயண உதவி இது. எகானமி வகுப்பு, குறுகிய வழி. "இளம் விஞ்ஞானி" என்ற தகுதிக்கு வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதை அந்த ஆண்டின் நெறிமுறையில் வரிவரியாகப் படியுங்கள். ஒருமுறை வாங்கினால் சில ஆண்டுகளுக்கு மறுபடி கேட்க முடியாது. ஆகவே பக்கத்து நாட்டில் நடக்கும் சின்னக் கருத்தரங்குக்கு இதைச் செலவழித்துவிடாதீர்கள். ஆய்வேட்டின் மையமான முடிவு கையில் இருக்கும் ஆண்டுக்காக வைத்திருங்கள்.

மருத்துவ ஆய்வு என்றால் ஐசிஎம்ஆர், உயிரித் தொழில்நுட்பம் என்றால் டிபிடி, நிரந்தர வேலையில்லாத இளம் ஆய்வாளர் என்றால் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர். கணினித் துறைக்கு, கணினி அறிஞர் அமைப்புகளான ஏசிஎம் இந்தியாவும் ஐஏஆர்சிஎஸ்ஸும் சேர்ந்து தரும் பயண நல்கை உண்டு. பிரதமர் ஆய்வு ஃபெலோஷிப்பில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு நிதி இருக்கிறது. அதில் பயணமும் அடங்கும். பொதுவாக ஒரு கட்டுரைக்கு ஓர் ஆசிரியருக்கு மட்டுமே பணம் கிடைக்கும். யார் போவது என்று கூட்டாசிரியர்கள் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு விண்ணப்பமும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்.

அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தடையில்லாச் சான்றுதான் பெரிய தாமதம். துறைத் தலைவர், முதல்வர், இயக்குநரகம் என்று கோப்பு ஏறி இறங்க வாரக்கணக்கில் ஆகும். ஏற்புக் கடிதம் வந்த அன்றே கோப்பை நகர்த்துங்கள். நல்கை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் விமானம் போய்விடும்.

நியாயம் எழுதும் பத்தி

விண்ணப்பம் தோற்பது அநேகமாக இந்த இடத்தில்தான். "இந்த மாநாடு உலகத் தரமான விஞ்ஞானிகளைச் சந்திக்கவும் என் அறிவை விரிவாக்கவும் உதவும்" என்று எழுதினால், குழுவில் இருப்பவர் அன்று படிக்கும் நாற்பதாவது அதே வாக்கியம் அது. எந்தத் துறைக்காரரும் எந்த மாநாட்டுக்கும் எழுதக்கூடிய வரி எதையும் நிரூபிக்காது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "நாகப்பட்டினம் கடலோர வயல்களில் வளரும் 14 நெல் வகைகளில் சோடியத்தின் அளவை இலையில் மட்டும் அளந்திருக்கிறோம். வேரின் திசு அடுக்குகளில் தனித்தனியாக அளக்கும் கருவி எங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை. மாநாட்டின் மூன்றாம் நாள் அமர்வில் அந்த அளவீட்டைச் செய்யும் குழு பேசுகிறது. கூட்டாக அளக்க முடியுமா என்று கேட்டோம், மாநாட்டில் சந்தித்துப் பேசலாம் என்று பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் இணைப்பு 3-இல்." இதில் ஓர் எண்ணிக்கை இருக்கிறது, ஓர் இல்லாமை இருக்கிறது, ஒரு நாள் இருக்கிறது, ஒரு சான்று இருக்கிறது. அந்த நான்கும் உங்கள் துறையில் என்னவென்று யோசித்து எழுதுங்கள். அந்த வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்கு நீங்கள் எழுதும் மின்னஞ்சலும் ஐந்தாறு வரிக்கு மேல் போக வேண்டாம்: நீங்கள் யார், உங்களிடம் இருக்கும் தரவு எது, அவர்களிடம் கேட்பது எது, மாநாட்டில் எந்த நாளில் 20 நிமிடம் கிடைக்கும்.

சொல்லவேண்டிய ஒரு விஷயம்: விதை, திசு, நுண்ணுயிர் எதையாவது பையில் போட்டு எடுத்துப்போக நினைக்காதீர்கள். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் கீழ் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது.

டிக்கெட், விசா, இனிஷியல்

அரசுப் பணத்தில் போகும் விமானப் பயணத்துக்கு டிக்கெட்டைக் கண்ட தளத்தில் வாங்கக் கூடாது. பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி ஆகிய மூன்று முகவர்களில் ஒருவரிடம் வாங்க வேண்டும் என்று நிதி அமைச்சகம் 2022 ஜூனில் சொன்னது. பயணத்துக்கு 21 நாள் முன்னால் வாங்கவும் அது அறிவுறுத்துகிறது. 4,000 ரூபாய் மிச்சம் என்று வேறு தளத்தில் வாங்கி, 75,000-மும் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு. உங்கள் நல்கைக்கு இந்த விதி பொருந்துமா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நல்கை முடிவு தாமதமாகலாம் என்பதால், தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட் நல்லது.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அது பெயர். கட்டுரையில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப்பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடம் காலியாக இருக்கும். அழைப்புக் கடிதம் கட்டுரைப் பெயரில் வந்தால் விசா அதிகாரிக்கு அது இரண்டு ஆட்கள். மாநாட்டுத் தளத்தில் கணக்குத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைப் பதியுங்கள். அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுரையில் பெயர் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று கைடிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

மாநாட்டோடு ஓர் ஆய்வகத்தையும் சேருங்கள்

பதினைந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்கு இவ்வளவு செலவு என்றால் வருத்தமாக இருக்கும். கூட்டு ஆய்வுக்கான பணப்பை தனி. அது மாநாட்டுக்குத் தராது, ஆய்வகத்தில் போய் வேலை செய்வதற்குத் தரும். இந்தியா 2016-இலிருந்து ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவின் இணை உறுப்பு நாடு என்பதால், உயிரியல் துறையினர் அதன் அறிவியல் பரிமாற்ற நல்கையில் மூன்று மாதம் வரை வெளிநாட்டு ஆய்வகத்தில் இருக்கலாம். இருதரப்புப் பயிலரங்கு நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு, அமெரிக்காவோடு ஐயூஎஸ்எஸ்டிஎஃப், பிரான்ஸோடு செஃபிப்ரா, ஜெர்மனியோடு ஐஜிஎஸ்டிசி என்ற கூட்டு நிதி அமைப்புகள் உண்டு. ஐரோப்பாவில் நண்பர்கள் இருந்தால் அவர்கள் காஸ்ட் என்ற ஐரோப்பிய அமைப்பின் ஆய்வாளர் வலையமைப்பு ஏதாவதில், அதாவது ஒரு காஸ்ட் ஆக்‌ஷனில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். 1971-இல் தொடங்கிய அந்த அமைப்பு ஆய்வுக்குப் பணம் தராது, கூடிப் பேசுவதற்கும் குறுகிய ஆய்வகப் பயணங்களுக்கும் நான்கு ஆண்டு தரும். நிதி பெரும்பாலும் உறுப்பு நாடுகளுக்குத்தான். ஆனாலும் ஆட்களைத் தெரிந்துகொள்ள நல்ல வாசல்.

பணம் கேட்டு அழைப்பவர்களிடம் கவனம்

"உங்கள் சிறந்த கட்டுரையைப் படித்தோம், பாரிஸில் பேச வாருங்கள்" என்று யாரோ எழுதினால், கடந்த ஆண்டு அதே மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். கால்நடை மருத்துவமும் சிவில் பொறியியலும் ஒரே அரங்கில் நடந்தால் விட்டுவிடுங்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒமிக்ஸ் குழுமம் இதழ்கள், மாநாடுகள் பற்றிப் பொய்யான தகவல் தந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட உத்தரவிட்டது. அப்படிப்பட்ட மாநாட்டுக்கு நல்கை கேட்டால், பணம் கிடைக்காதது மட்டுமல்ல, உங்கள் பெயரும் குழுவின் நினைவில் தவறாகப் பதியும்.

திரும்பி வந்ததும்

பெரும்பாலான நல்கைகள் முன்பணமாக வராது. செலவழித்துவிட்டுப் பில் கொடுத்தால் வரும். அதுவரை 1,00,000 ரூபாய் அளவுக்குக் கையில் வேண்டும். பல்கலைக்கழகத்தில் முன்பணம் கேட்கும் வழி இருந்தால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பதிவுக் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினால் ரூபாயில் எவ்வளவு கழிந்தது என்று காட்டும் வங்கி அறிக்கையும் தேவைப்படும்.

போர்டிங் பாஸ்தான் அதிகம் தொலையும் ஆவணம். கவுன்டரில் தரும் சீட்டு வெப்பத் தாளில் அச்சானது. சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வெயிலில் நின்ற காரில் விட்டால் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுங்கள், ஊருக்கு வந்ததும் நகல் எடுத்து மூலத்தோடு பின் செய்யுங்கள். செல்போனில் வந்த பாஸ் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள், பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து அது மறைந்துவிடும். இடையில் மாறிய விமானத்துக்கான பாஸும் சேர்த்துக் கணக்கு: போக இரண்டு, வர இரண்டு. பங்கேற்புச் சான்றிதழைக் கடைசி நாள் மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள், மாலையில் பதிவு மேசையில் ஆள் இருக்க மாட்டார்கள். டிக்கெட், பாஸ்கள், சான்றிதழ், பதிவு ரசீது, ஒரு பக்க அறிக்கை, கேட்டால் பயன்பாட்டுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து, நெறிமுறை சொல்லும் கெடுவுக்குள் அனுப்புங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். அலுவலகம் கேட்டால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.