பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி தன் கட்டுரையைக் காட்ட வந்தார். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு வயிறு கலங்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. பழைய தாளை ஈரக் கையால் தொடாதே, பக்க எண்ணைக் குறித்துக்கொள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அதை விடுகிறேன்.

தேதியை எழுதியிருக்கிறபடியே நம்புவது

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டை சரணடைந்த நாள் ஆங்கிலேயர் எழுத்தில் செப்டம்பர் 10. பிரெஞ்சு எழுத்தில் செப்டம்பர் 21. நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுச்சேரிக்குச் செய்தி போய்ச் சேர 11 நாள் ஆகியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். இருப்பதோ சுமார் 150 கிலோமீட்டர். ஆள் நொண்டியடித்துப் போனாலும் அவ்வளவு நாள் ஆகாதே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஆற்று வெள்ளம், வழிக்காவல் என்று இல்லாததையெல்லாம் வரவழைத்து, அந்தக் காலத்தில் செய்தி நகர்ந்த வேகத்தைப் பற்றி ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினேன். மண்ணடியில் ஒரு சின்னக் கூட்டத்தில் வாசித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, ரெண்டும் ஒரே நாள்தானே?"

அவ்வளவுதான். கட்டுரை அங்கேயே செத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் 1582-லேயே கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலியன் கணக்கை விடவில்லை. அந்த வருஷம் அவர்களுக்குச் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. இது போதாதென்று, அதுவரை அவர்களுடைய புது வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். அதனால் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து 'பிப்ரவரி 1746' என்று போட்ட கடிதம் நம் கணக்கில் 1747. கவனிக்காவிட்டால், சென்னை விழுவதற்கு ஏழு மாதம் முன்பே அதற்காக அழுதிருக்கிறார்கள் என்றாகிவிடும்.

நடுவில் நம்முடைய கணக்கு வேறு. பெரம்பூரில் பிறந்து புதுச்சேரிக்குப் போன ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இது அட்சய வருஷம் புரட்டாசி. ஆங்கிலேயரின் 10-ஐ இன்றைய காலண்டர் தேதி என்று எடுத்தால் ஆவணிக் கடைசியில் போய் இடிக்கும். கிழமையைப் பாருங்கள், அது மாறுவதில்லை. அவர்களுடைய 10, இவர்களுடைய 21, இரண்டும் புதன்தான். இன்றைய கணக்கில் 10 என்றால் சனிக்கிழமை வந்துவிடும்.

மாணவியின் கட்டுரையிலும் அதே 11 நாள். அவர்மேல் கோபமில்லை. மேலே ஒருவர் படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாரே, அவர்மேல்தான்.

அறுபது வருஷச் சுழற்சியை மறப்பது

பிரபவ 1747-லும் வரும், 1807-லும் வரும்.

கறுப்பர் நகரத்தை மண்ணடியில் தேடுவது

1746-க்கு முந்திய தாள் என்றால் வேண்டாம். அப்போது நம்மவர்கள் குடியிருந்த அந்த ஊர் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்றைய உயர் நீதிமன்றப் பக்கம் இருந்தது. அப்புறம்தான் இடித்தார்கள், பெயரும் மண்ணடிப் பக்கம் போனது.

காலடிப்பேட்டையில் காலடி தேடுவது

1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை அது. யார் காலடியும் இல்லை.

ஒரே துறைக்குள் அடைந்துகிடப்பது

மணலி முத்துகிருஷ்ண முதலியாரை இசைக்காரர்களுக்குத் தெரியும்: தீட்சிதர் குடும்பத்தை மணலிக்கு அழைத்து ஆதரித்தவர். கோயில் வரலாறு எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: உயர் நீதிமன்றப் பக்கம் இருந்து இடிபட்ட சென்னக்கேசவப் பெருமாள் கோயிலை இன்றைய இடத்தில் மறுபடி எழுப்பியவர். கம்பெனி ஆவணங்களைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்: கவர்னர் பிகாட்டின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும். மூன்று பேரும் மூன்று அறையில் உட்கார்ந்து ஒரே ஆளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கீர்த்தனைக்கும் கோபுரத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று துபாஷியின் கணக்கைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

மாணவியிடம் மணலியைப் பற்றிக் கேட்டேன். "ரிஃபைனரி இருக்கிற இடம்தானே சார்?" என்றார்.

சரி, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.