பரணிலிருந்து இறங்கிய ஃபிளாஷ் கேமரா: ரோல் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள்

அக்காவின் வளைகாப்பில் ஒரு முழு ரோல், 36 படம் எடுத்தேன். கழுவி வந்தபோது 14 படங்கள் இருட்டு. சந்தனம் பூசிய கன்னம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, வளையல் அடுக்கிய கைகள் எதுவும் தெரியவில்லை. கேமராவில் கோளாறு இல்லை. ஃபிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் நான் பட்டனை அழுத்திக்கொண்டே போயிருக்கிறேன். டிஜிட்டலில் அடுத்த நொடியே தெரிந்திருக்கும் தவறு, பிலிமில் இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. அந்த நாளைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடம்போடு சேர்ந்த ஃபிளாஷ் உள்ள கையடக்கக் கேமராக்களைப் பரவலாக்கியது 1975இல் ஜப்பானில் வெளிவந்த கோனிகா சி35 ஈஎஃப். 'பிக்காரி' என்று அங்கே அதற்குச் செல்லப்பெயர். நம் ஊர் வீடுகளில் யாஷிகா எம்எஃப்-2 சூப்பரும் கோடக் கேபி10-உம் இன்னும் பரணிலோ பீரோவிலோ கிடக்கும். பெயர் எதுவானாலும் உள்ளே இருக்கும் ஏற்பாடு ஒன்றுதான்: இரண்டு பென்சில் செல், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டர், நகத்தளவு ஒரு விளக்கு. அந்தச் சின்ன விளக்கால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ளாததால்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

முதல் தவறு, கேமராவைக் கையில் எடுத்த அன்றே ரோலைப் போடுவது. முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பழைய செல் கசிந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கலாம். அல்கலைன் செல் கசிவு என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் போய்விடும். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கெப்பாசிட்டர் உடனே முழுச் சார்ஜைப் பிடித்துவைக்காது. புது செல் போட்டு, ஃபிளாஷை இயக்கி, சார்ஜ் ஏறியதைக் காட்டும் ரெடி லைட் எரிந்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, அப்புறம் அடியுங்கள். இப்படி எட்டுப் பத்து முறை செய்தால் சார்ஜ் ஏறும் நேரம் குறைந்து வருவது தெரியும். கருகிய வாடை வந்தால் உடனே செல்லைக் கழற்றிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எது நடந்தாலும் ஸ்க்ரூடிரைவரோடு உட்காராதீர்கள். அந்தக் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் ஏறும், செல்லை எடுத்த பிறகும் வெகு நேரம் நிற்கும். மூன்று வோல்ட் பொம்மைதானே என்று திறந்து அடி வாங்கியவர்கள் உண்டு.

ஷட்டரும் ஃபிளாஷும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்று பிலிம் இல்லாமலே பார்த்துவிடலாம். இருட்டறையில் பின்மூடியைத் திறந்து, லென்ஸை வெள்ளைச் சுவருக்கு நேராக வைத்து, பின்னாலிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்தபடி அழுத்துங்கள். ஒரு பளிச்சென்ற வட்டம் தெரிந்தால் சரி. பல எளிய கேமராக்களில் பிலிம் இல்லாவிட்டால் ஷட்டர் ஏறாது. பிலிமின் ஓட்டையில் மாட்டும் பல்சக்கரத்தை விரலால் சுழற்றினால்தான் ஏறும். இது தெரியாமல் நல்ல கேமராவைச் செத்துப்போனது என்று தூக்கிப் போடுகிறார்கள்.

இனி, என் 14 படங்களை விழுங்கிய தவறு. ஃபிளாஷைத் தூக்கியதும் 'கீ...' என்று மெல்லிய சத்தம் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஆரஞ்சு நிற ரெடி லைட் எரியும். விளக்கு எரிந்தால் முழுச் சார்ஜ் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கொஞ்சம் குறைவான நிலையிலேயே எரிந்துவிடும். எரிந்த பிறகும் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அழுத்துங்கள். ரோலின் பின்பாதியில் செல் தளரத் தளர இந்தக் காத்திருப்பு நீளும். பல கேமராக்களில் விளக்கு எரியாவிட்டாலும் ஷட்டர் விழும், ஆகவே பொறுப்பு நம்முடையது. மலிவான சாதாரண செல்லைப் போடாதீர்கள். அல்கலைன் போடுங்கள், அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல். அதில் 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம். மின்சாரத்தை வேகமாகத் தரும் என்பதால் ஃபிளாஷுக்கு அது நன்றாகவே உழைக்கும். புதுசையும் பழசையும் கலந்து போட வேண்டாம்.

அடுத்தது தூரம். கச்சேரியில் பத்தாவது வரிசையிலிருந்து மேடையைப் பார்த்து ஃபிளாஷ் அடிப்பார்கள். முன்னால் இருப்பவர்களின் பின்னந்தலை மட்டும் வெள்ளையாக விழும். ஃபிளாஷின் சக்தியைக் கைடு நம்பர் என்ற எண்ணால் சொல்வார்கள். அதை லென்ஸின் எஃப் எண்ணால் (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்) வகுத்தால் வெளிச்சம் எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100 (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு எளிதில் பிடிக்கும் என்று சொல்லும் எண்) பிலிமுக்கு கைடு நம்பர் 11, லென்ஸ் எஃப் 3.8 என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 2.9 மீட்டர். அதாவது பத்தடிக்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ஃபோகஸ் மாற்ற முடியாத கேமராவில் நாலைந்து அடிக்கும் அருகில் போனால் முகம் தெளிவாக விழாது, வெளுத்தும் போகும். ஆக, நமக்குக் கிடைப்பது ஐந்தடியிலிருந்து பத்தடி வரை. நான் தரையைப் பார்த்து அளக்கிறேன். இரண்டடி டைல்ஸ் போட்ட வீடு, மண்டபம் என்றால் மூன்று முதல் ஐந்து டைல்ஸ்.

400 ஐஎஸ்ஓ போட்டால் தூரம் இரட்டிக்கும் என்பார்கள். லென்ஸின் துளை அப்படியே இருந்தால் உண்மைதான். பல எளிய கேமராக்களில் ஐஎஸ்ஓவை 400க்குத் திருப்பினால் துளைதான் சுருங்குகிறது, அதனால் எட்டும் தூரம் மாறுவதே இல்லை. அப்படிப்பட்ட கேமராவில் 400 ரோலைப் போட்டு, எண்ணை 100லேயே விட்டுவிடுவது என் வழக்கம். கலர் நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது. கழுவினால் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு பிலிமில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

குழுப் படத்தில் நடக்கும் தவறும் தூரத்தின் கணக்குதான். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். முதல் வரிசை ஐந்தடியில், கடைசி வரிசை பத்தடியில் நின்றால், முன்னால் உட்கார்ந்த குழந்தைகள் வெளுத்து, பின்னால் நிற்கும் சித்தப்பா நிழலாகிவிடுவார். எல்லோரையும் நெருக்கி, வரிசையைக் குறைத்து, லேசாக வில் போல வளைத்து நிறுத்துங்கள். நீங்களும் பின்னால் தள்ளி வாருங்கள். முன்வரிசை எட்டடி, பின்வரிசை பதினோரு அடி என்றாலே பின்னவருக்குப் பாதி வெளிச்சம் கிடைத்துவிடும். 400 ரோல் இருந்தால் இது தாராளமாகப் போதும்.

கண்ணாடி மாட்டிய சாமி படம், பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் பாத்திரம், மூக்குக்கண்ணாடி, இவற்றுக்கு நேர் எதிரே நின்று அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். சிவந்த கண்ணுக்குக் காரணம் ஃபிளாஷ் லென்ஸை ஒட்டி இருப்பது. அறை விளக்கை எல்லாம் போட்டுவிட்டால் கண்மணி சுருங்கி, சிவப்பும் குறையும். பிறகு விரல். நாம் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் லென்ஸிலிருந்து தனி ஓட்டை என்பதால் ஃபிளாஷை விரல் மறைப்பது நமக்குத் தெரியவே தெரியாது. அதே காரணத்தால், அருகில் எடுக்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் இடம் விடுங்கள்.

பகலில் ஃபிளாஷ் எதற்கு என்று மூடிவைப்பதும் தவறுதான், இதைப் பலர் நம்ப மாட்டார்கள். உச்சி வெயிலில் கண்குழியில் கறுப்பாக நிழல் விழும். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் கரும்பலகையாகத் தெரிவார். ஏழெட்டு அடியில் நின்று ஃபிளாஷோடு எடுத்துப் பாருங்கள். முகமும் துலங்கும், பின்னால் இருக்கும் வானமும் நீலமாகவே நிற்கும். எனக்குப் பிடித்த படங்களில் பாதி இப்படி வெயிலில் ஃபிளாஷ் அடித்தவைதான்.

ரோல் மாட்டியதும் சுற்றிப் பாருங்கள். கையால் சுற்றும் கேமரா என்றால் பிலிமைத் திரும்பச் சுருட்டும் ரிவைண்ட் குமிழும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பிலிம் மாட்டவில்லை, நீங்கள் காற்றைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பின்மூடியின் ஓரத்துப் பஞ்சு பிசுபிசுப்பாகியிருந்தால் அங்கே வெளிச்சம் கசியும். மாற்றுவது எளிது. விமானத்தில் போவதாக இருந்தால் ரோலைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், அங்கே உள்ள எக்ஸ்ரே கருவி உங்கள் பிலிமைப் புகையடித்தது போல ஆக்கிவிடும்.

விழா முடிந்ததும் ஃபிளாஷைத் தூக்கியபடியே பையில் போட்டால் இரவெல்லாம் சார்ஜ் ஏறி ஏறிச் செல் தீர்ந்துவிடும். இறக்கி அணையுங்கள். அடுத்த ரோலுக்கு மாதங்கள் ஆகும் என்றால் செல்லைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். தோல் உறைக்குள் வேண்டாம். மழைக்காலத்தில் தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பூஞ்சை அங்கிருந்துதான் லென்ஸுக்கு ஏறும்.