கெராச்சுட் கடற்கரைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

மாசி மகத்தன்று மலேசியாவின் பினாங்குத் தீவில், தெலுக் பஹாங் என்ற ஊரின் சிங்கமுகக் காளியம்மன் தெப்பத்தைப் பார்க்க நம் மக்கள் எவ்வளவு பேர் வருகிறார்கள்! ஆனால் அதே ஊரில் கடலோரச் சாலை முடிகிற இடத்தில் ஒரு காடு தொடங்குகிறது என்பதும், அதைத் தாண்டினால் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு கடற்கரை இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. அந்தக் காடுதான் பினாங்கு தேசியப் பூங்கா. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே பல கரைகள் இருந்தாலும், முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது கெராச்சுட் மட்டும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குளிக்கிற கடல் இல்லை. நீரோட்டம் இழுக்கும், ஜெல்லி மீன்களும் உண்டு. பெட்டி வடிவ ஜெல்லி மீன் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். அங்கே போய் அலையைப் பார்த்த பிறகு பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். பலகையில் ஏறி அலைச்சறுக்கு விளையாட ஆசைப்படுகிறவர்களுக்கும் இது இடமில்லை. இந்துமாக் கடலின் பெரிய அலைகளைச் சுமத்ரா தீவு மறித்துவிடுகிறது. அந்த விளையாட்டுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, கிழக்குக் கரையில் இருக்கிற பஹாங் மாநிலத்தின் செராத்திங் பக்கம் போக வேண்டும்.

சரி, கிளம்பலாம்.

முதலில், நேரம்

காலை எட்டு மணி வாக்கில் பூங்கா வாசலில் இருங்கள். ஜார்ஜ் டவுன் ஜெட்டியிலிருந்தோ கொம்தார் கட்டடத்திலிருந்தோ 101-ஆம் எண் ராப்பிட் பினாங் பேருந்து பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். பினாங்கில் மழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் பிடிக்கும், அதனால் காலையைத் தவறவிடாதீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். புதிதாகப் போகிறவர்கள் அந்த மாதங்களை விட்டுவிடலாம்.

பையில் என்ன

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பசியாறிவிட்டுப் போங்கள், மதியத்துக்கு நாசி லெமாக்கோ புளிச்சோறோ கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடையை நம்பிப் போகக் கூடாது. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், குரங்குகள் பறித்துவிடும். முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். அப்புறம் ஒரு சின்னப் புட்டியில் வினிகர். ஜெல்லி மீன் கொட்டினால் அந்த இடத்தைத் தேய்க்காமல், குடிதண்ணீரால் கழுவாமல், வினிகரை ஊற்றிவிட்டு உடனே உதவி கேட்க வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

வாசலில்

அலுவலகத்தில் பெயர் பதிந்து கட்டணம் கட்டுங்கள். கெராச்சுட் பாதை திறந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ மூடிவிடுவார்கள். திரும்பி வரப் படகு வேண்டுமென்றால் பக்கத்துப் படகுத்துறையில் இப்போதே பேசி, விலை முழுப் படகுக்கா ஆளுக்கா என்று தெளிவாகக் கேட்டு, மூன்று மணிக்கு வரச் சொல்லிவிடுங்கள். என் யோசனை: போகும்போது நடை, வரும்போது படகு. களைத்த காலோடு மாலையில் மறுபடி மலையேறுவது தொடக்கக்காரர்களுக்கு வேண்டாத பாடு.

நடை

மூன்றரை கிலோமீட்டர் அளவுதான். ஆனால் சமதளம் என்று நினைக்காதீர்கள். முதலில் கடலை ஒட்டிய சுலபமான பாதை, பிறகு ஒரு பிரிவு வரும். வலது பக்கம் தெலுக் டூயோங்குக்கும், 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கும் போகிறது. நீங்கள் இடது பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஏற்றம். பல இடங்களில் மரவேர்களே படிக்கட்டு. ஈரமான வேரின் மேல் கால் வைக்காமல், வேருக்கும் வேருக்கும் நடுவிலுள்ள மண்ணில் வையுங்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், அவ்வப்போது கணுக்காலைப் பாருங்கள். பழக்கம் இல்லாதவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டால் அவசரம் இருக்காது. உச்சியில் நின்று மூச்சு வாங்கும்போது தலைக்கு மேலே பாருங்கள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்குகள் இலை தின்றுகொண்டிருக்கலாம். இவை வாசல் பக்கத்துக் குரங்குகள் மாதிரி சண்டைக்கு வராது.

கரையில்

இறக்கம் முடிந்ததும் ஒரு பாலம், அதன் கீழே ஏரி. அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மேலே நன்னீர், அடியில் கனமான கடல்நீர், இரண்டும் கலக்காமல் அடுக்கடுக்காக நிற்கிற அபூர்வ ஏரி இது. வறட்சியான மாதங்களில் போனால் வெறும் மணல்தான் தெரியும்.

பிறகு கடற்கரை, அதன் ஓரத்தில் ஆமைப் பாதுகாப்பு நிலையம். பச்சை ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடுகிற மணல் இது. காலையில் டிராக்டர் சக்கரம் உருண்டது போல ஒரு தடம் கடலிலிருந்து மேலேறியிருந்தால், முந்தின இரவு ஒரு தாய் ஆமை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தடத்தை மிதிக்காதீர்கள், எந்தப் பக்கம் தோண்டியிருக்கிறது என்று ஊழியர்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண். அதனால் முட்டைகளைப் புதைத்து வேலி போட்ட மணலுக்குள் கை விடுவதும், பக்கத்தில் நெருப்பு மூட்டுவதும் கூடவே கூடாது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகக் கடைப்பிடிப்பார்கள்.

மற்ற நேரமெல்லாம் உங்களுடையது. நிழலில் சாப்பிட்டுவிட்டு, அலை அடிப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்காருங்கள். சாப்பிட்ட குப்பையைப் பையிலேயே போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

திரும்பும்போது

படகில் ஏறியதும் மிதக்க உதவும் உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியை நனையாத உறைக்குள் வையுங்கள், வழியெல்லாம் தண்ணீர் தெறிக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்து படகுக்காரர் வர முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த நிலைமைக்காகத்தான் மூன்று மணி என்று சொன்னேன், இருட்டுவதற்குள் நடந்தே வாசலுக்கு வந்துவிடலாம்.