ரைபிள் காலிபர் வாதத்தில் இறங்குவதற்கு முன்

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிறு மாலை கூடுகிற கூட்டத்தில், எதைப் பற்றித் தொடங்கினாலும் பேச்சு அடிக்கடி துப்பாக்கிக்குப் போய்விடுகிறது. படையில் பழைய எஸ்.எல்.ஆர். ரைபிளைச் சுமந்த மாமா ஒருவர், அதற்குப் பின் வந்த இன்சாஸ் ரைபிளைச் சுமந்த அவருடைய மருமகன், அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்கள் நான்கைந்து பேர், இவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அது நடக்கத்தான் செய்யும். ஆனால் வாதம் பெரும்பாலும் "7.62 பட்டால் எழும்ப மாட்டான்", "5.56 பட்டால் ஓடிப்போவான்" என்ற இரண்டு வாக்கியங்களுக்குள்ளேயே சுற்றி, யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போவதில் முடியும். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழுந்தது. படையின் அடிப்படை ரைபிளை மாற்றலாமா, எந்தக் காலிபருக்கு (அதாவது குழல், தோட்டா அளவுக்கு) மாற்றலாம் என்ற கேள்வியை ஒழுங்காகப் பேச விரும்புகிறவர்களுக்காக, குறிப்பாகத் தேர்வுகளின் குழு விவாதத்தில் இந்தத் தலைப்பைச் சந்திக்கக்கூடிய பிள்ளைகளுக்காக, நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன்.

முதலில் எண்ணை முழுதாகச் சொல்லப் பழகுங்கள். "7.62" என்பது ஒரே தோட்டாவின் பெயர் அல்ல. முதல் எண் குழலின் உள்விட்டத்தையும், இரண்டாம் எண் தோட்டா உறையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கிறது, ஆகவே எஸ்.எல்.ஆரும் இப்போதைய சிக் 716 ரைபிளும் சுடுகிற 7.62×51 வேறு, ஏ.கே. வகை சுடுகிற 7.62×39 வேறு. குழலைவிட்டு வெளியேறும்போது 7.62×51 குண்டுக்கு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதிக்கு) ஏறக்குறைய 3,300 ஜூல் ஆற்றல் இருக்கும், 7.62×39 குண்டுக்கு 2,000 ஜூல் அளவில்தான் இருக்கும். இன்சாஸ் சுடும் 5.56×45 குண்டுக்கு 1,750 ஜூல் அளவு. கணக்கைப் பாருங்கள்: பெயரில் ஒன்றாக இருக்கும் இரண்டு 7.62 தோட்டாக்களுக்கு இடையிலான இடைவெளி, 7.62×39-க்கும் 5.56-க்கும் இடையிலான இடைவெளியைவிட மிகப் பெரியது. "ராணுவம் 7.62-க்குத் திரும்பிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், "எந்த 7.62?" என்று கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம். பாதி வாதங்கள் இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தூரத்தைக் கேளுங்கள், அதையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கேளுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்று விவேகானந்தர் பாறையைப் பாருங்கள். கரையிலிருந்து அது ஏறக்குறைய 500 மீட்டர். அங்கே நடமாடும் ஆள் எவ்வளவு சிறிதாகத் தெரிகிறார் என்பதைக் கவனித்துவிட்டு, அந்த ஆள் பதுங்கிக்கொண்டும் நீங்கள் மூச்சிரைத்துக்கொண்டும் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். சிக் 716 ரைபிளுக்கும், நம் நாட்டு ஆய்வு நிறுவனம் 2024-இல் காட்டிய உக்ரம் ரைபிளுக்கும் சொல்லப்படும் பயன்தூரம் அந்த 500 மீட்டர்தான். இன்சாஸுக்கு 400 மீட்டர், ஏ.கே. 203-க்கு அரசின் அறிவிப்பே 300 மீட்டர் என்றுதான் சொன்னது.

இந்த 300 என்ற எண் தற்செயலாக வந்தது அல்ல. இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மானியர் 7.92×33 என்ற குட்டைத் தோட்டாவுக்கும், சோவியத் படையினர் 7.62×39-க்கும் வந்து சேர்ந்தார்கள். 1952-இல் அமெரிக்க ராணுவத்துக்காக நடந்த ஆய்வொன்று, காலாட்படை ரைபிளின் பயன்பாடு பெரும்பாலும் 300 கஜத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்றும், சாதாரண வீரனின் குறி 100 கஜத்தைத் தாண்டினாலே வேகமாகத் தளர்கிறது என்றும் காட்டியது. அதே அமெரிக்கர்கள் ஆப்கானிஸ்தானின் திறந்த பள்ளத்தாக்குகளில், எதிரி 500 மீட்டருக்கும் அப்பாலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடத் தொடங்கியதும், தங்கள் 5.56 எட்டவில்லை என்று புலம்பத் தொடங்கினார்கள். ஆகவே தூரத்துக்கான விடை நிலத்தில் இருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் நடந்தவருக்கு 50 மீட்டர் தாண்டி ஒன்றும் தெரியாது. எல்லைக்கோட்டு மலைமுகட்டில் நிற்பவருக்கு எதிர்முகடு தெரியும். இருவருக்கும் ஒரே ரைபிள் என்று தொடங்குகிறவர், தன் நிலம் எது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக எடை. இங்கே சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் வாதம் செய்பவர்களில் மிகச் சிலரே சுமந்து பார்த்தவர்கள். ஒரு 5.56 தோட்டா ஏறக்குறைய 12 கிராம்; 7.62×39 ஏறக்குறைய 16 கிராம், 7.62×51 ஏறக்குறைய 24 கிராம். தனித்தனியாகக் கேட்டால் அற்பமாகத் தெரியும். 200 தோட்டாவுக்குப் பெருக்கினால் முதலாவது 2.4 கிலோ, இரண்டாவது 3.2 கிலோ, மூன்றாவது 4.8 கிலோ. எங்கள் பையன்களிடம் மளிகைக் கடைத் தராசில் 2.4 கிலோ அரிசியும் 4.8 கிலோ அரிசியும் இரண்டு பைகளில் நிறுத்துக் கொடுத்து, மருந்துவாழ் மலையில் ஏறிவரச் சொன்னேன். ஏறும்போது கனமான பை கை மாறிக்கொண்டே இருந்தது. வீரன் இதோடு தண்ணீர், உணவு, குண்டு துளைக்காத உடை, கையெறிகுண்டு எல்லாவற்றையும் சுமக்கிறான் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. (உண்மைத் தோட்டாவையோ காலி உறையையோ தேடிப் போக வேண்டாம், அரிசியே போதும்.)

எடையோடு சேர்த்துப் பேச வேண்டியது உதைப்பு. 5.56 குண்டின் நிறை 4 கிராம், வேகம் நொடிக்கு 940 மீட்டர் அளவு, 7.62×51 குண்டின் நிறை 9.5 கிராம், வேகம் 840 மீட்டர் அளவு. பெருக்கிப் பார்த்தால் பெரிய குண்டின் உந்தம் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். தோளில் விழும் உதையும் அந்த விகிதத்தை ஒட்டித்தான் இருக்கும். நம் எஸ்.எல்.ஆர். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு தோட்டாவே சுட்டது. அதே தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் வசதியோடு அமெரிக்கர்கள் 1957-இல் ஏற்ற எம் 14, அப்படிச் சுடும்போது கைக்கு அடங்கவில்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை.

நான்காவது, என் கருத்தில் மிக முக்கியமானது: துப்பாக்கியின் குற்றத்தையும் தோட்டாவின் குற்றத்தையும் பிரித்துப் பாருங்கள். 1999 கார்கில் போரில் இன்சாஸ் பற்றி வந்த புகார்களை எடுத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) விரிசல் விட்டது. மூன்று தோட்டா சுட வேண்டிய அமைப்பு தொடர்ந்து சுட்டது. எண்ணெய் கண்ணில் தெறித்தது. இவற்றில் ஒன்றாவது 5.56 என்ற காலிபரால் வந்ததா? பிளாஸ்டிக்காலும் இயக்கமுறையாலும் வந்தவை. அதே துப்பாக்கியை அதே செய்நேர்த்தியோடு 7.62-இல் செய்திருந்தால் அந்த மேகசினும் விரிசல் விட்டிருக்கும். வியட்நாமில் 5.56 சுடும் அமெரிக்க ரைபிளான எம் 16 அடைத்துக்கொண்டு வீரர்கள் செத்த கதையும் இப்படித்தான்: தோட்டாவுக்குள் இருந்த வெடிமருந்து மாற்றப்பட்டது, தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சு தரப்படவில்லை, துடைக்கும் கருவியும் பயிற்சியும் போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது, குறைகள் திருத்தப்பட்டன, காலிபர் மாறவில்லை. எங்கள் மருமகன் இன்சாஸைத் திட்டத் தொடங்கினால் நான் தாளில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒவ்வொரு குறையையும் எதன் கீழ் எழுதலாம் என்று அவரையே கேட்பேன். தோட்டா என்ற பத்தியில் பெரும்பாலும் ஒன்றுதான் வந்து நிற்கும்: சுட்ட பிறகும் எதிரி இயங்கினான் என்பது.

அந்த ஒன்றை அலட்சியம் செய்யக் கூடாது. தீவிரவாத எதிர்ப்புப் பணியில் நின்றவர்கள் பலர் சொல்லும் புகார் அது. உயிரைக் கொடுக்கத் துணிந்து வருகிறவனை அந்த நொடியிலேயே நிறுத்தியாக வேண்டும் என்பது நியாயமான தேவை. ஆனால் இதற்கு விடையாக நம் ஊர்களில் உலவும் "5.56 காயப்படுத்துவதற்காகவே செய்யப்பட்டது, ஒருவன் விழுந்தால் தூக்க இருவர் போவார்கள்" என்ற விளக்கத்தை நான் ஏற்பதில்லை. சிறிய தோட்டா பிறந்ததற்கு எடையும், உதைப்பும், குறியில் படும் வாய்ப்பும்தான் காரணங்கள். மேலும், சிறிய குண்டின் விளைவு அதன் வேகத்தையும் அமைப்பையும் பெரிதும் பொறுத்தது. 20 அங்குலக் குழலுக்குப் பொருத்தமாக இருந்த தோட்டாவை 14.5 அங்குலக் குழலில் போட்டால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் குண்டு உடையாமல் ஊசிபோல் துளைத்துச் செல்லக்கூடும். அமெரிக்கர்கள் 2010-இல் ரைபிளையோ காலிபரையோ தொடாமல் குண்டை மட்டும் மாற்றினார்கள். ஆகவே காலிபரை மாற்றச் சொல்கிறவரிடம், குண்டை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று கேட்பது குழு விவாதத்தில் நல்ல மதிப்பெண் தரும் கேள்வி.

முன்னாள் வீரர்களின் சாட்சியத்தை எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு சொல். எஸ்.எல்.ஆர். குண்டு மரத்தைத் துளைத்துப் போகும் என்று மாமா சொன்னால் மறுக்காதீர்கள். எத்தனை தூரத்தில், எந்த மரம், தானே பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று மரியாதையோடு கேளுங்கள். பார்த்தவர் தூரத்தைச் சொல்வார். எங்கிருந்தார், எந்தப் பணியில் இருந்தார் என்று துருவ வேண்டாம். அது நமக்குத் தேவையும் இல்லை, அவருக்குச் சங்கடமும்கூட. எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொரு தொல்லை உண்டு: ஆயுதம் என்றதும் யாராவது 1741 குளச்சல் போருக்கும், டச்சுத் தளபதி டிலனாய் திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கிய கதைக்கும் போய்விடுவார்கள். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பே. அதைத் தேநீர் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாகக் கையிருப்பும் தொழிற்சாலையும். எங்கள் கூட்டத்தில் படையின் ஸ்டோரில் கணக்கு வைத்திருந்த ஒருவர் வருவார். அவர் பேசத் தொடங்கினால் பையன்கள் எழுந்து வெளியே போவார்கள். ஆனால் வரலாற்றில் காலிபரை முடிவு செய்தவர்களில் பாதிப்பேர் அவரைப் போன்றவர்கள்தான். 1932-இல் அமெரிக்காவில் புதிய ரைபிளுக்கு .276 அங்குலத் தோட்டா சரியென்று சோதனையாளர்கள் சொன்னபோது, தலைமைத் தளபதி மக்ஆர்தர், கிடங்கில் கிடக்கும் .30 அங்குலத் தோட்டாக்களைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டார். பிரிட்டன் 1951-இல் .280 அங்குலத் தோட்டாவை ஏற்று, அதே ஆண்டு ஆட்சி மாறிச் சர்ச்சில் வந்ததும் அமெரிக்காவோடு ஒத்துப்போவதற்காகக் கைவிட்டது. நேச நாடுகளை வற்புறுத்தி 7.62×51-க்குக் கொண்டுவந்த அதே அமெரிக்கா, அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் தான் மட்டும் 5.56-க்குப் போனது, பிரிட்டன்காரர்கள் இதை இன்றும் மறக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. 5.56, 7.62×39 இரண்டையும் குழல் மாற்றிச் சுடும் ஒரே ரைபிள் வேண்டும் என்று 2011-இல் கேட்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளி 2015-இல் ரத்தானது. சுறாவுக்குப் போகிற தூத்தூர்க்காரரிடம், நெத்தோலி வலையும் சுறாத் தூண்டிலும் சேர்ந்த ஒரே கருவி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், எப்படிச் சிரிப்பார் என்று தெரியும். பின்னர் முன்னணிக் காலாட்படைக்கென 2019-இல் 72,400 சிக் 716 ரைபிள்களும், 2024-இல் மேலும் 73,000-மும் கேட்கப்பட்டன. ஏனைய பெரும்பகுதிக்கு அமேதி மாவட்டத்தின் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203 செய்வதற்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தமானது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் 7.62×39-இல் தன் பெயரிலேயே ஒரு ரைபிள் செய்கிறது. இன்சாஸ் இன்னும் முழுதாக விடைபெறவில்லை. இரண்டு வகை நிலத்துக்கு இரண்டு ரைபிள் என்ற முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது. ஆனால் மூன்று வகைத் தோட்டாக்களை ஒரே மலைப்பாதையில் குழப்பமில்லாமல் ஏற்றி அனுப்ப வேண்டியவரின் சிரமத்தை, அந்த முடிவைப் புகழ்கிறவர்கள் சொல்வதில்லை.

இந்த முறையைப் பழக, அமெரிக்காவின் எம் 7 ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரியின் கவச உடையையும் நீண்ட தூரத்தையும் காரணம் காட்டி, 2022 ஏப்ரலில் 6.8×51 தோட்டாவோடு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 5.56 சுடும் பழைய எம் 4, தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 2.9 கிலோ, புதியது, ஒலி அடக்கி இல்லாமலேயே, ஏறக்குறைய 3.8 கிலோ. பழையதற்கு ஏழு மேகசினில் 210 தோட்டா; புதியதற்கு ஏழு மேகசினில் 140. இரண்டு அணியாகப் பிரிந்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுங்கள். பிறகு அணிகளை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுங்கள். நாங்கள் சென்ற மாதம் இதைச் செய்தபோது, சின்னத் தோட்டாவுக்காகப் பேச வேண்டிய முறை மாமாவுக்கு வந்தது. எட்டு நிமிடம் பேசினார், அரிசிப் பையைக்கூட மேற்கோள் காட்டினார். ஒன்பதாவது நிமிடத்தில், "இருந்தாலும் மக்களே, அந்த எஸ்.எல்.ஆர். சத்தம் இருக்கே" என்று தொடங்கிவிட்டார், நான் மணியை அடித்தேன். ஸ்டோர்க்காரர் மட்டும், மிச்சமிருக்கும் 5.56 தோட்டாக்களை அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.