செயின்ட் ஜான்ஸ் வோர்ட்: இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

ஐரோப்பா, மேற்கு ஆசியாவின் வறண்ட புல்வெளிகளிலும் வயல் ஓரங்களிலும் ஆண்டுதோறும் தானாகவே துளிர்க்கும் செடி இது. ஐந்து இதழ்கள் கொண்ட மஞ்சள் பூ. ஜூன் 24, புனித யோவான் (செயின்ட் ஜான்) திருநாளையொட்டிப் பூப்பதால் இந்தப் பெயர்.

மஞ்சள் பூ பூக்கும் காட்டுச் செடிகள் ஏராளம். அவற்றில் சில கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. அதனால் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். அப்புறம் ஒரு மொட்டை விரல்களுக்கிடையே நசுக்குங்கள். மஞ்சள் மொட்டிலிருந்து செந்நீலச் சாறு கசியும். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இதுதான். தண்டில் எதிரெதிராக இரண்டு மெல்லிய மேடான கோடுகள் ஓடுவதையும் தடவிப் பாருங்கள்.

சரி, அடையாளம் கண்டதும் மூலிகைத் தேநீர் போட்டுவிடலாமா? வேறு மருந்து எடுப்பவர் என்றால் தயவுசெய்து வேண்டாம். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இது முடுக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வீரியம் குறைந்துவிடும். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆடு, மாடு, குதிரை மேயும் இடத்தில் இது முளைத்தால் அகற்றிவிடுங்கள். அதிகமாகத் தின்ற கால்நடைகளுக்கு வெயில் பட்டால் தோல் வெந்துபோகும்.