நோட்.ஜேஎஸ் 10-இலிருந்து 12-க்கு மாறியதும் சார்ட் (sort) வேலை செய்யவில்லையா?

நோட்.ஜேஎஸ் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள். அதன் 10-ஆம் பதிப்பில் ஒழுங்காக ஓடிய ஆப்பை 12-க்கு மாற்றியதும் விலைப்பட்டியல் கலைந்து வந்தது. எரர் எதுவும் இல்லை. டேட்டாபேஸ் குவெரி, கேஷ் எல்லாம் பார்த்தாயிற்று. பேக்கேஜ்களை அழித்துத் திரும்ப நிறுவியும் பலனில்லை.

அப்புறம் வரிசைப்படுத்தும் சார்ட்டின் கால்பேக்குக்குள், அதாவது ஏ, பி என்று இரண்டு உறுப்புகளை வாங்கி ஒப்பிடும் ஃபங்ஷனுக்குள், மதிப்புகளை அச்சிட்டுக் காட்டும் ஒரு கன்சோல் லாக் போட்டேன். [1, 2, 3] கொடுத்தால், 10-இல் முதல் அழைப்பில் ஏ = 1, பி = 2. 12-இல் ஏ = 2, பி = 1! இதைப் பார்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

கால்பேக் ‘ஏ.விலை > பி.விலை’ என்று ட்ரூ, ஃபால்ஸ் மட்டுமே திருப்பியது. அதாவது 1 அல்லது 0. மைனஸ் வரவே வராது. நோட் 11 முதல் உள்ளே இருப்பது டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை. அது மைனஸ் வந்தால்தான் இடம் மாற்றும். பழைய பதிப்பில் 10 உறுப்புகள் வரை இன்செர்ஷன் சார்ட் என்ற வேறு முறை என்பதால் ட்ரூவே போதுமாக இருந்தது. எங்கள் பட்டியலோ ஏழெட்டு வரிதான், அதனால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை.

‘ஏ.விலை - பி.விலை’ என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. அப்பாடா! பெயர் வரிசைக்குக் கழித்தல் உதவாது. அங்கே எழுத்துகளை அகரவரிசைப்படி ஒப்பிடும் லோக்கேல்கம்பேர் (localeCompare) போடுங்கள்.