பழைய காதல் நகைச்சுவைப் படத்தைப் பார்த்துக் கருத்து எழுதுவது எப்படி? 'பிரிங்கிங் அப் பேபி'யை வைத்து ஒரு பயிற்சி

1938இல் வந்த ஹாலிவுட் படமான 'பிரிங்கிங் அப் பேபி'யைப் பார்த்தவர்களிடம் படம் எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "விழுந்து விழுந்து சிரித்தேன்" என்பது ஒன்று. "அந்தப் பெண்ணைச் சகிக்க முடியவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டேன்" என்பது மற்றொன்று. இரண்டுமே மனதில் பட்டதைச் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் கேட்கிறவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. எந்த இடத்தில் சிரிப்பு வந்தது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று சொன்னால்தான் இந்தப் படம் தனக்கு ஒத்துவருமா என்று அவரால் முடிவு செய்ய முடியும்.

ஸ்க்ரூபால் காமெடி என்று சொல்லப்படும் படங்களை இதுவரை பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1930களில் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த வகை இது. பணக்கார வீட்டுத் துடுக்குப் பெண், அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் ஆண், மூச்சுவிடாத பேச்சு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குளறுபடி.

படி 1: கொஞ்சம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

டேவிட் ஒரு தொல்லுயிர் ஆய்வாளர். அருங்காட்சியகத்தில் பல வருடமாக பிரான்டோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரே ஒரு எலும்பு பாக்கி. மறுநாள் கல்யாணம். அருங்காட்சியகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நன்கொடை வாங்கும் பொறுப்பும் அவர் தலையில். அந்த நேரம் பார்த்து சூசன் குறுக்கே வருகிறாள். பேபி என்பது அவளிடம் வந்து சேரும் பழகிய சிறுத்தை. டேவிட்டாக கேரி கிராண்ட், சூசனாக கேதரின் ஹெப்பர்ன், இயக்கம் ஹாவர்ட் ஹாக்ஸ். இதற்குமேல் எதையும் படிக்காமல் படத்துக்குப் போய்விடுங்கள்.

படி 2: முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள்

படம் 102 நிமிடம். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார், ஹாக்ஸ் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். ஒரு வசனம் தவறிப்போனால் போகட்டும், பின்னால் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஓட்டம் அறுந்தால் சிரிப்பும் அறுந்துவிடும்.

கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த இடத்தில் நிமிடத்தைக் குறித்து 'சி' என்றும், கடுப்பான இடத்தில் 'க' என்றும் எழுதினால் போதும்.

இன்னொன்று. டைட்டில் இசையையும், சிறுத்தைக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டையும் விட்டால் படத்தில் பின்னணி இசை என்று ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. இங்கே சிரிக்கணும், இங்கே உருகணும் என்று இசை எடுத்துச் சொல்லியே பழகிய நமக்கு முதல் கால் மணி நேரம் வெறிச்சென்று இருக்கும். படம் மந்தமாகப் போகிறது என்று அதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம்.

படி 3: ஒரே ஒரு காட்சியைத் திரும்பப் பாருங்கள்

படம் முடிந்ததும் உணவக விடுதிக் காட்சிக்கு மட்டும் திரும்பப் போங்கள். நல்ல கருத்து எழுதத் தேவையான சரக்கு முழுவதும் அதில் இருக்கிறது.

மதுக்கூடத்தில் நின்று ஆலிவ் காயைப் புறங்கையிலிருந்து எகிற வைத்து வாயில் பிடிக்கும் வித்தையைச் சூசன் பழகிக்கொண்டிருக்கிறாள். ஒரு காய் தரையில் விழுகிறது. அந்தப் பக்கம் வரும் டேவிட் அதில் வழுக்கி, தன் தொப்பியின் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் வேறொரு பெண்ணின் கைப்பை மாறிப்போய், திருட்டுப் பழி டேவிட் மேல் விழுகிறது. அங்கே சாப்பிட வந்த ஒரு மனநல மருத்துவர், ஆணுக்குக் காதல் பல சமயம் சண்டையாகத்தான் வெளிப்படும் என்று சூசனிடம் சொல்கிறார். அவளுக்கு அது போதும். டேவிட் கோபப்படக் கோபப்பட, தன்மேல் அவருக்கு ஆசை என்று அவள் உறுதியாக நம்பிவிடுகிறாள்.

அடுத்து வருவதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். சூசன் இழுத்ததில் டேவிட்டின் கோட்டு கிழிகிறது. கொஞ்ச நேரத்தில் அவர் கால்பட்டு அவளுடைய உடையின் பின்பக்கம் அப்படியே கழன்று வந்துவிடுகிறது. அவளுக்குத் தெரியாது. டேவிட் தொப்பியால் மறைக்கப் பார்க்கிறார், அவளோ அவரைத் திட்டுகிறாள். கடைசியில் விஷயம் புரிந்ததும் இருவரும் ஒட்டி நின்று, ஒரே காலடி வைத்து, நடை பிசகாமல் கூடத்தைத் தாண்டி வெளியேறுகிறார்கள்.

அதுவரை ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டிருந்தவர்கள் முதன்முதலாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்வது அங்கேதான். காதல் அந்த நடையிலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு மாதிரி படலாம். ஆனால் எது பட்டாலும் அதை அந்தக் காலடியிலிருந்தும் தொப்பியிலிருந்தும் எடுத்துக் காட்டுங்கள்.

படி 4: சூசனைப் பற்றி நேர்மையாக முடிவெடுங்கள்

பார்வையாளர்கள் பிரிவது இவளை வைத்துத்தான். அடுத்தவர் காரை எடுத்துக்கொண்டு போகிறாள். டேவிட் குளிக்கும்போது அவருடைய உடைகளை எடுத்து ஊருக்குள் அனுப்பிவிடுகிறாள், கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டியவர் பெண்கள் அணியும் உடையில் நிற்கிறார். இதையெல்லாம் ரசிக்க முடியவில்லை என்று சொல்பவர்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒரு மனிதர் "வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவள் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் உங்கள் தாளில் 'க' விழுந்த இடங்களில் டேவிட்டின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள். அவருடைய வருங்கால மனைவி ஆலிஸ், கல்யாணத்துக்குப் பிறகும் வேலைதான் முக்கியம், தேனிலவுகூடக் கிடையாது என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறாள். அந்த டேவிட்தான் கடைசியில், சூசனோடு அலைந்த அந்த நாள்தான் தன் வாழ்க்கையிலேயே சிறந்த நாள் என்று ஒத்துக்கொள்கிறார். அந்த வார்த்தையை நீங்கள் நம்பினால் படம் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். நம்ப முடியவில்லையென்றால் அதுவும் உருப்படியான கருத்துதான், ஏன் நம்ப முடியவில்லை என்று எழுதுங்கள்.

படி 5: அந்தக் காலத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்

1934 முதல் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கறாராக அமலாகின. காதலர்களின் நெருக்கத்தை நேராகக் காட்ட முடியாது. அதனால் அந்த வேகம் முழுக்கச் சண்டையிலும் பேச்சிலும் ஓட்டத்திலும் இறங்கியது. இது தெரிந்தால் இவர்கள் ஏன் இப்படி ஓயாமல் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது விளங்கும்.

படம் வந்தபோது, அதைத் தயாரித்த ஆர்கேஓ நிறுவனம் எதிர்பார்த்த வசூல் வரவில்லை. நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் கடுமையாகச் சாடியது. அதே வருடம் அமெரிக்கத் திரையரங்கு உரிமையாளர்கள் சிலர், வசூலுக்கு ஆகாத நட்சத்திரங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் ஹெப்பர்ன் பெயரும் இருந்தது. பிற்காலத்தில் ஹாக்ஸே படத்தில் குறை கண்டார். சாதாரண மனிதர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் கிறுக்காக இருந்துவிட்டார்கள் என்றார். ஆனால் காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1990இல் இதே படம் இடம்பிடித்தது. ஆக, இந்தப் படத்தைப் பற்றி எப்போதுமே இரண்டு கருத்து உண்டு, பிடிக்கவில்லை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை.

படி 6: எழுதுங்கள்

ஆரம்பத்தில் இப்படித்தான் எழுத வரும்: "நகைச்சுவை அருமை. நடிப்பு பிரமாதம். கதாநாயகி மட்டும் எரிச்சல்."

உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையே மாற்றி எழுதினால் இப்படி வரலாம்: "உடைகளை எடுத்து அனுப்பும் இடம் வரை எனக்குச் சூசனைப் பிடிக்கவில்லை, அடுத்தவர் கல்யாணத்தைக் கெடுப்பது விளையாட்டாகத் தெரியவில்லை. ஆனால் நாய் எலும்பைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட, இருவரும் அதன் பின்னால் தோட்டம் முழுக்கத் தோண்டிக்கொண்டு அலையும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. சிறைக் காட்சியை இன்னும் சுருக்கியிருக்கலாம்."

ஐந்தாறு வரி போதும். கதைச் சுருக்கம் வேண்டவே வேண்டாம். முடிவை உடைக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

படி 7: அப்புறம்தான் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள்

உங்களுக்கு நேரெதிராகச் சொல்பவரின் கருத்தை முதலில் எடுங்கள். அவர் சுட்டும் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உங்கள் கருத்து மாறும் அல்லது இன்னும் உறுதியாகும்.

அடுத்த பயிற்சிக்கு ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தைச் சொல்வேன். 1934இல் வந்து முக்கியமான ஐந்து ஆஸ்கர்களையும் அள்ளிய படம். இதைவிட நிதானமான ஓட்டம், கதாநாயகியும் இவ்வளவு படுத்தமாட்டாள். அந்தக் கதையைத் தழுவித்தான் நம் ஏவி.எம். நிறுவனம் 1956இல் ராஜ் கபூர், நர்கிஸை வைத்து 'சோரி சோரி' என்ற இந்திப் படத்தை எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, ஒரே காட்சி இரண்டிலும் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.